செமி-மாடுலர் அனலாக் சிந்தசைசர்: உள்ளிணைப்புகளைக் கேட்டுப் பழகும் முறை

செமி-மாடுலர் அனலாக் சிந்தசைசர் என்பது, உள்ளே ஏற்கெனவே இணைக்கப்பட்ட சுற்றுகளால் ஒலி எழுப்பும், வேண்டும்போது அந்த இணைப்புகளைக் கேபிள்களால் மாற்றவும் விடும் மின்னணு இசைக்கருவி. அதை வாங்குபவர்களில் பலர் செய்யும் முதல் காரியம், உடன் வந்த பேட்ச் கேபிள்களை எடுத்துக் கண்ணில் பட்ட துளைகளில் செருகிப் பார்ப்பதுதான். அதனால் கருவி பெரும்பாலும் பழுதாகிவிடாது. சில சமயம் வியப்பூட்டும் ஒலிகளும் கிடைக்கும். ஆனால் அந்த ஒலி எப்படி உண்டானது என்று தெரியாததால், மறுநாள் அதைத் திரும்பப் பெறவும் முடியாது, விரும்பிய திசையில் மாற்றவும் முடியாது. ஆகவே இங்கே வேறொரு வரிசையைப் பரிந்துரைக்கிறேன். கேபிள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, கருவிக்குள் தயாரிப்பாளர் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் இணைப்புகளை முதலில் காதால் அறிந்துகொள்ள வேண்டும். பிறகே அவற்றை ஒவ்வொன்றாகத் துண்டித்து மாற்ற வேண்டும். அந்த உள்ளிணைப்புகள் தற்செயலாக அமைந்தவை அல்ல. மின்னணு இசைக்கருவிகளின் நீண்ட வரலாற்றில் பலர் எடுத்த முடிவுகளின் விளைவே அவை. எந்தக் கம்பி ஏன் அங்கே ஓடுகிறது என்று தெரிந்தவருக்கு, அதை எப்போது துண்டிக்கலாம் என்பதும் தெரியும்.

அந்த இணைப்புகள் எங்கிருந்து வந்தன

மின்சாரத்தால் இசை எழுப்பும் முயற்சி மின்னணுவியலுக்கும் முந்தையது. அமெரிக்கரான தாடியஸ் கஹில் 1897இல் காப்புரிமை பெற்ற டெல்ஹார்மோனியம், சுழலும் பற்சக்கரங்களால் மாறுமின்னோட்டத்தை உண்டாக்கி, அதைத் தொலைபேசிக் கம்பிகள் வழியே கேட்போரிடம் கொண்டுசேர்த்தது. மின்குறியைப் பெருக்கிக்காட்டும் ஆம்ப்ளிஃபையர் அன்று இல்லாததால், சக்கரங்கள் உண்டாக்கும் மின்னோட்டமே வலுவாக இருக்க வேண்டியிருந்தது. 1906இல் நியூயார்க்கில் மக்கள் கேட்ட அதன் பெரிய வடிவம் சுமார் 200 டன் எடை கொண்டதாக இருந்ததற்கு இதுவே காரணம். தூய அலைகள் பலவற்றை அளவறிந்து கலந்து ஒரு சுரத்தின் தன்மையை அமைப்பது என்ற கஹிலின் எண்ணம், 1935இல் லாரன்ஸ் ஹேமண்டின் ஆர்கனில் சிறிய உருவில் மீண்டும் வந்தது.

வெற்றிடக் குழாய் வந்த பிறகு பாதை பிரிந்தது. 1920 வாக்கில் ரஷ்யரான லியோன் தெரமின், காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் இயங்கும் இரண்டு ஆஸிலேட்டர்களை, அதாவது அலையை உண்டாக்கும் சுற்றுகளை, அமைத்து, கையின் அருகாமையால் அவற்றில் ஒன்றின் அதிர்வெண்ணை மாற்றி, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை இசையாக ஒலிக்கச் செய்தார். பிரான்சில் மோரிஸ் மார்த்தனோ 1928இல் அறிமுகப்படுத்திய கருவி, அதே கொள்கையை விரலில் மாட்டிய வளையத்தாலும் விசைப்பலகையாலும் இன்னும் துல்லியமாக இயக்கியது. நம் நோக்கில் இவற்றைவிட முக்கியமானது, ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் டிராட்வைன் 1930இல் உருவாக்கிய டிராட்டோனியம். அது நியான் விளக்கைக் கொண்டு, மேற்சுரங்கள் (அடிச்சுரத்தின் மடங்குகளில் ஒலிக்கும் உயர் சுரங்கள்) நிறைந்த ரம்பப்பல் அலையை உண்டாக்கி, பிறகு அதை ஃபில்டர்களுக்குள் செலுத்தி வேண்டாதவற்றை நீக்கியது. முதலில் செறிவான அலை, அதன் பின் அதைக் குறைக்கும் ஃபில்டர் என்ற அந்த வரிசைதான் இன்று நம் மேசை மேலிருக்கும் கருவியின் முதல் உள்ளிணைப்பு.

1951இல் ஜெர்மனியின் கொலோன் நகர வானொலியில் தொடங்கப்பட்டது போன்ற ஒலிக்கூடங்களில், ஆய்வுக்கூட அளவீட்டுக்காகச் செய்யப்பட்ட ஆஸிலேட்டர்களும் ஃபில்டர்களும் இருந்தன. ஆனால் அவற்றின் ஒவ்வொரு குமிழையும் மனிதக் கைதான் திருக வேண்டும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்ட வேண்டும். சில நொடி இசைக்கே நெடுநாள் உழைப்பு தேவைப்பட்டது. இந்தச் சுமையைத் தீர்த்தது மின்னழுத்தக் கட்டுப்பாடு என்ற ஒரே எண்ணம்: குமிழைக் கை திருகுவதற்குப் பதிலாக, வேறொரு சுற்றிலிருந்து வரும் மின்னழுத்தம் அந்த மாற்றத்தைச் செய்தால் என்ன? 1960களின் முதல் பாதியில், அமெரிக்காவின் கிழக்கே ராபர்ட் மூக்கும் மேற்கே டான் புக்லாவும் ஒருவரையொருவர் சாராமல் இதைச் செயலாக்கினார்கள். மூக், 1964இல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து தன் முதல் மாதிரியை அமைத்தார். புக்லா, சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டரைச் சேர்ந்த மார்ட்டன் சுபோட்னிக், ரமோன் செண்டர் ஆகியோரின் வேண்டுகோளின்பேரில் தன் கருவியைக் கட்டினார். மூக்கின் கருவி விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது; புக்லா வழக்கமான விசைப்பலகையை விலக்கி, தொட்டால் இயங்கும் தகடுகளை வைத்தார். அந்த ஒரு முடிவின் தாக்கம் இன்றைய கருவிகளிலும் தெரிகிறது.

இந்தத் தொடக்கக் கருவிகளில் உள்ளிணைப்பு ஏதும் கிடையாது. ஒரு சுரம் கேட்க வேண்டுமென்றாலும் நான்கைந்து கேபிள்களைச் செருகியாக வேண்டும். 1970இல் வந்த மினிமூக் அதற்கு நேர் எதிரான வழியைத் தேர்ந்தது: எல்லாக் கம்பிகளும் உள்ளேயே நிலையாக இணைக்கப்பட்டன, கேபிள் என்பதே இல்லாமல் போனது. 1969இல் லண்டனின் இ.எம்.எஸ். நிறுவனம் வெளியிட்ட வி.சி.எஸ்.3 கேபிளுக்குப் பதிலாக, கட்டங்கள் கொண்ட பலகையில் சிறு ஊசிகளைக் குத்தி இணைக்கச் செய்தது. ஆலன் பேர்ல்மன் நிறுவிய ஏ.ஆர்.பி. 1971இல் கொண்டுவந்த 2600 மாடல்தான் இரு வழிகளையும் ஒன்றாக்கியது: கேபிள் இல்லாமலே வாசிக்கலாம், ஆனால் துளையில் கேபிளைச் செருகினால் உள்ளிணைப்பு விலகி வழிவிடும். செமி-மாடுலர் என்ற முறை அங்கே முழு வடிவம் பெற்றது. 1978இல் வந்த கோர்க் எம்.எஸ்-20 அதை எளிய அளவில் பலரிடம் கொண்டுசென்றது.

அதன்பின் பல ஆண்டுகள் இந்த முறை ஒதுங்கியிருந்தது. ஒலி அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும் ப்ராஃபெட்-5 1978இலும், டிஜிட்டல் முறையில் இயங்கிய யமஹா டி.எக்ஸ்7 1983இலும் வந்த பிறகு, கேபிள் செருகும் பொறுமை பலருக்கு இல்லாமல் போனது. 1990களின் நடுவில் டீட்டர் டோப்ஃபர் தொடங்கிய யூரோராக் அளவுமுறை, 3.5 மில்லிமீட்டர் துளைகளும் மாடுல் எனப்படும் சிறிய தனிப் பகுதிகளுமாக இந்த உலகை மீட்டது. 2015இல் வந்த மூக் மதர்-32, 2016இல் வந்த மேக் நாய்ஸ் 0-கோஸ்ட், 2018இல் வந்த மூக் கிராண்ட்மதர், ஆர்டூரியா மினிபுரூட் 2 ஆகியவை, தனியாகவும் இயங்கி, யூரோராக்குடனும் பேசக்கூடிய இன்றைய செமி-மாடுலர் வகையை நிலைநிறுத்தின.

துளைக்குள் நடப்பது

ஒரு துளையின் உள்ளே சிறிய உலோக நாக்கு ஒன்று இருக்கிறது. கேபிள் செருகப்படாதபோது அந்த நாக்கு, உள்ளிருந்து வரும் ஒரு மின்குறியை அடுத்த சுற்றுடன் தொடுத்து வைத்திருக்கும். கேபிளின் முனை உள்ளே நுழைந்ததும் நாக்கு விலகி, பழைய இணைப்பு அறுந்து, கேபிளில் வரும் மின்குறி அதன் இடத்தைப் பிடிக்கும். கேபிளை எடுத்துவிட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இந்த எளிய அமைப்புதான் செமி-மாடுலர் கருவியின் உயிர்.

எல்லாத் துளைகளும் இப்படித் துண்டிப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சில உள்ளீடுகளில், கேபிளில் வருவது உள்ளிருப்பதுடன் கூட்டப்படுகிறது. விசைப்பலகையின் சுருதி மின்னழுத்தத்துடன் வெளியிலிருந்து வருவதும் சேர்வது பல கருவிகளில் உண்டு. எது துண்டிக்கும், எது கூட்டும் என்பது கையேட்டிலுள்ள இணைப்பு வரைபடத்தில் இருக்கும். கையேட்டின் மற்றப் பக்கங்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அந்த ஒரு படத்தை மட்டும் முதல் நாளே அச்சிட்டு அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

கேபிள் இல்லாமல் கேட்பது

கருவியை இயக்கியதும் உடனே சுருதி சேர்க்க முற்பட வேண்டாம். அனலாக் ஆஸிலேட்டரின் உள்ளே மின்னழுத்தத்தை அதிர்வெண்ணாக மாற்றுவது டிரான்சிஸ்டரின் இயல்பான அடுக்குவிதி. அது வெப்பநிலையைச் சார்ந்தது. கால் மணி முதல் அரை மணி நேரம் வரை சூடேற விட்டால் சுருதி நிலைபெறும். ஹெட்ஃபோனை மாட்டுவதற்கு முன் ஒலியளவைக் குறைத்து வைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஃபில்டரின் ஒத்ததிர்வு (ரெசொனன்ஸ்: ஃபில்டர் வெட்டும் இடத்துக்கு அருகிலுள்ள ஒலியை உயர்த்துவது) திடீரென எழும்பும்போது ஒலி பல மடங்கு உயரும். காது மீண்டும் வாங்கக்கூடிய பொருள் அல்ல.

பிறகு எல்லாவற்றையும் ஒரு நடுநிலைக்குக் கொண்டுவரவும். எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும், ஃபில்டரின் கட்-ஆஃப் குமிழை முழுவதும் திறந்து, ரெசொனன்ஸைப் பூஜ்ஜியத்தில் வைத்து, என்வலப்பும் (ஒரு சுரம் எழுந்து அடங்கும் வடிவை அமைக்கும் சுற்று) எல்.எஃப்.ஓ.வும் (மெதுவாக அசையும் ஆஸிலேட்டர்) எங்கெங்கே எவ்வளவு செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் குமிழ்கள் அனைத்தையும் அடைத்துவிடவும். வி.சி.ஏ.வை, அதாவது மின்னழுத்தத்தால் இயங்கும் ஆம்ப்ளிஃபையரை, நிலையாகத் திறந்து வைக்கும் பொத்தான் பல கருவிகளில் உண்டு. அதை அழுத்தினால் விசையைத் தொடாமலேயே ஒலி தொடர்ந்து கேட்கும். இப்போது உங்கள் காதில் விழுவது ஆஸிலேட்டர் மட்டுமே.

இந்தக் கட்டத்தில் அவசரப்படக் கூடாது. அதிர்வெண்ணை 100 ஹெர்ட்ஸ் அளவில் வைத்து, அலை வடிவத்தை மாற்றி மாற்றிக் கேளுங்கள். ரம்பப்பல் அலையில் 100, 200, 300, 400 என எல்லா மடங்குகளிலும் மேற்சுரங்கள் இருக்கின்றன. மேலே போகப் போக அவற்றின் வலிமை சீராகக் குறையும். சதுர அலையில் 100, 300, 500 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே உள்ளன. அது சற்றே உள்வெறுமையானதாக, குழலை நினைவூட்டுவதாக ஒலிப்பது அதனால்தான். முக்கோண அலையிலும் ஒற்றைப்படை மடங்குகளே உண்டு. ஆனால் அவை மிக வேகமாக மெலிந்துவிடுவதால் ஒலி மென்மையாகிறது. சதுர அலையின் அகலத்தை மாற்றும் குமிழ் இருந்தால் அதை மெல்லத் திருப்பவும். ஒரு பக்கம் ஒடுங்க ஒடுங்க ஒலி மெலிந்து மூக்கொலியாக மாறுவதைக் கேட்கலாம். பின்னால் எந்தக் கேபிளைச் செருகினாலும், அது வேலை செய்வதற்கான மூலப்பொருள் இந்த மேற்சுரங்கள்தான்.

அடுத்து ஃபில்டர். ரம்பப்பல் அலையை வைத்துக்கொண்டு, கட்-ஆஃப் குமிழை மிக மெதுவாக மூடவும். ராபர்ட் மூக்கின் டிரான்சிஸ்டர் ஏணி ஃபில்டர் கட்-ஆஃபுக்கு மேல் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 24 டெசிபல் வீதம் ஒலியைக் குறைக்கிறது. மூக்கிற்கு இதற்கான காப்புரிமை 1969இல் கிடைத்தது. சில கருவிகளில் இது 12 டெசிபல் மட்டுமே. அவற்றில் ஒலி மூடிய நிலையிலும் சற்று வெளிச்சமாக இருக்கும். இப்போது ரெசொனன்ஸை முக்கால் அளவுக்கு ஏற்றி, அதே மெதுவான திருப்பலை மறுபடி செய்யுங்கள். மேற்சுரங்கள் ஒவ்வொன்றாகத் தனித்து எழுந்து மறையும். நூறு ஹெர்ட்ஸ் ஒலிக்குள் இத்தனை சுரங்கள் ஒளிந்திருந்தன என்பதைக் காதே உணர்ந்துகொள்ளும் இந்தப் பயிற்சிக்கு நிகராக எந்த விளக்கமும் இல்லை. ரெசொனன்ஸை இன்னும் ஏற்றினால் பல ஃபில்டர்கள் தாமே ஒலிக்கத் தொடங்கும்; ஆஸிலேட்டரை அடைத்துவிட்டாலும் தூய சைன் அலை ஒன்று கேட்கும். அந்த நிலையில் ஃபில்டரே இரண்டாவது ஆஸிலேட்டர் ஆகிவிடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும். கேபிள் செருகும்போது இது பயன்படும்.

இனி வி.சி.ஏ.வை என்வலப்பின் கட்டுப்பாட்டுக்கு மாற்றி, விசையை அழுத்திப் பாருங்கள். ஒலி எழும் நேரம், அது முதல் உச்சத்திலிருந்து தணியும் நேரம், விசை அழுந்தியிருக்கும்வரை நிற்கும் அளவு, விட்ட பிறகு மறையும் நேரம் ஆகிய நான்கையும் என்வலப் தீர்மானிக்கிறது. இந்த நான்கு பகுதிப் பிரிவை 1960களின் நடுவில் மூக்கிடம் கேட்டுப் பெற்றவர், கொலம்பியா-பிரின்ஸ்டன் ஒலிக்கூடத்தைச் சேர்ந்த விளாடிமிர் உசசெவ்ஸ்கி. பல மலிவான கருவிகளில் ஒரே என்வலப் வி.சி.ஏ.வையும் ஃபில்டரையும் சேர்த்து இயக்கும். அப்படியானால் ஒலியின் அளவும் பிரகாசமும் எப்போதும் கூடவே ஏறி இறங்கும். இது ஒரு குறையல்ல. தந்தியை ஓங்கி மீட்டும்போதும் இவ்விரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. ஆயினும் நீங்கள் முதலில் பிரிக்க விரும்பும் உள்ளிணைப்பு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாக எல்.எஃப்.ஓ. அதை ஆஸிலேட்டரின் சுருதிக்கு மிகச் சிறிய அளவில் அனுப்பி, நொடிக்கு 5 அல்லது 6 முறை அசையும்படி வைத்தால் குரலில் வரும் அசைவைப் போன்ற நடுக்கம் கிடைக்கும். இப்போது வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நொடிக்கு 20 முறையைத் தாண்டும் இடத்தில், காது அந்த அசைவை அசைவாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, ஒலியின் நிறமாகக் கேட்கத் தொடங்கும். தாளத்துக்கும் சுருதிக்கும் சுரத்தின் தன்மைக்கும் இடையே இந்தக் கருவியின் சுற்றுகள் எந்த வேறுபாடும் பார்ப்பதில்லை, வேகம்தான் வேறுபாடு.

முதல் கேபிள்கள்

ஒரு தாளில் மூன்று பத்திகள் இட்டுக்கொள்ளவும்: மின்குறியைத் தருபவை, அதை மாற்றுபவை, அதைப் பெறுபவை. ஆஸிலேட்டர், எல்.எஃப்.ஓ., என்வலப், இரைச்சல், விசைப்பலகை, சுரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் சீக்வென்சர் ஆகியவை முதல் பத்தி. அளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டர், கூட்டும் மிக்சர், ஒன்றைப் பலவாகப் பிரிக்கும் மல்ட் ஆகியவை இரண்டாவது. சுருதி, அலை அகலம், கட்-ஆஃப், ஒலியளவு போன்ற உள்ளீடுகள் மூன்றாவது. இதுவரை கேட்டு அறிந்த உள்ளிணைப்புகளை அந்தத் தாளில் கோடுகளாக வரைந்துவிட்டால், இனிச் செருகப்போகும் ஒவ்வொரு கேபிளும் எந்தக் கோட்டை அழித்து எதை வரைகிறது என்பது தெளிவாகும். ஒரு நேரத்தில் ஒரு கேபிள் என்பதே விதி. செருகுவதற்கு முன் என்ன கேட்கும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, செருகிய பின் ஒப்பிட வேண்டும். வெளியீட்டை வெளியீட்டுடன் நேரடியாக இணைப்பதைத் தவிர்க்கவும். இன்றைய கருவிகளில் காப்புத் தடைகள் இருந்தாலும், அதனால் பயன் ஏதும் இல்லை.

முதல் கேபிளாக என்வலப்பின் வெளியீட்டை ஆஸிலேட்டரின் சுருதி உள்ளீட்டுக்குக் கொண்டுசெல்வதைப் பரிந்துரைக்கிறேன். என்வலப் 8 வோல்ட் வரை எழுவதாகக் கொண்டால், ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற அளவில் சுருதி எட்டு ஸ்தாயிகள் தாவும்; அதனால் இடையில் அட்டெனுவேட்டர் தேவை. ஆஸிலேட்டரைக் கீழ்ச்சுருதியில், முக்கோண அலையில் வைத்து, எழும் நேரத்தைப் பூஜ்ஜியமாக்கி, தணியும் நேரத்தைக் குறுக்கினால், முழக்கமான தோலிசை அடி ஒன்று கிடைக்கும். தணியும் நேரத்தை நீட்டிக்கொண்டே போனால் அதே அடி ஒரு சறுக்கலாக மாறும். ஒரே கேபிள், ஒரே குமிழ். ஆனால் மெட்டு வாசிக்கும் கருவி தாளக் கருவியாகிவிட்டது.

அடுத்து எல்.எஃப்.ஓ. ஃபில்டருக்குச் செல்லும் உள்ளிணைப்பை அறுத்து, அந்த இடத்தில் ஆஸிலேட்டரின் முக்கோண அல்லது சதுர அலையைச் செருகவும். கட்-ஆஃப் இப்போது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அசைகிறது. ரெசொனன்ஸை ஏற்றித் தாமே ஒலிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தால், உலோகத் தகட்டையும் மணியையும் நினைவூட்டும் ஒலிகள் எழும். ஆஸிலேட்டர் ஒன்று மட்டுமே உள்ள கருவியில் இத்தகைய ஒலி கிடைப்பது, ஃபில்டரை இரண்டாவது ஆஸிலேட்டராகப் பயன்படுத்துவதால்தான்.

உங்கள் கருவியில் சாம்பிள் அண்டு ஹோல்டு என்னும் பகுதி இருந்தால், அதற்கு இரைச்சலை உள்ளீடாகத் தந்து, எல்.எஃப்.ஓ.வின் சதுர அலையால் அதைத் தட்டவும். ஒவ்வொரு தட்டலின்போதும் இரைச்சல் எந்த மின்னழுத்தத்தில் இருக்கிறதோ அந்த அளவு அடுத்த தட்டல்வரை நிற்கும். அதைச் சுருதிக்கு அனுப்பினால் கேட்டு அலுத்துப்போன விளைவே கிடைக்கும். அலை அகலத்துக்கோ என்வலப்பின் தணியும் நேரத்துக்கோ அனுப்பினால், ஒவ்வொரு சுரமும் முந்தையதிலிருந்து சிறிதே வேறுபட்டு, கையால் வாசித்தது போன்ற உயிர்ப்பு வரும். ரிங் மாடுலேட்டர் உள்ள கருவிகளில் 400 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என இரண்டு சைன் அலைகளைக் கொடுத்துப் பாருங்கள். அவ்விரண்டும் மறைந்து, கூட்டுத்தொகையான 550உம் வேறுபாடான 250உம் கேட்கும்.

வெளி ஒலியை ஏற்கும் துளை இருந்தால், கருவியின் சொந்த வெளியீட்டையே சிறிய அளவில் அதற்குத் திருப்பி அனுப்பலாம். மினிமூக் வாசித்தவர்கள் அதன் ஹெட்ஃபோன் வெளியீட்டை வெளி உள்ளீட்டில் செருகி ஒலியைத் தடிப்பாக்கிய பழைய வழி இது. அளவை மிகக் குறைவில் தொடங்க வேண்டும். ஓர் எல்லையைத் தாண்டியதும் ஒலி கட்டுக்கடங்காமல் குமுறும். அந்த எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கும் குறுகிய இடத்தில்தான் இதன் அழகு இருக்கிறது.

இவை எல்லாம் மூக்கின் வழி, அதாவது நிறைந்த அலையை ஃபில்டரால் குறைக்கும் வழி. புக்லாவின் வழி தலைகீழானது: எளிய சைன் அல்லது முக்கோண அலையில் தொடங்கி, அதன் உச்சிகளை மடக்கி மடக்கி மேற்சுரங்களைக் கூட்டுவது. அலையை மடக்கும் பகுதி 0-கோஸ்ட் போன்ற கருவிகளில் இருக்கிறது. அங்கே என்வலப்பை ஃபில்டருக்கு அனுப்புவதற்குப் பதிலாக மடக்கும் அளவுக்கு அனுப்பவும். ஏறி இறங்கி முடித்ததும் தானே மறுபடி தொடங்கும் வகையில் அமைக்கக்கூடிய என்வலப் இருந்தால், விசைப்பலகையே தேவையில்லை. அந்தச் சுழற்சியின் முடிவில் வரும் தட்டலால் இன்னொரு பகுதியை இயக்கி, யாரும் தொடாமல் நெடுநேரம் மாறிக்கொண்டே இருக்கும் இசையை அமைக்கலாம். விசைப்பலகையை விலக்கிய புக்லாவின் முடிவு எவ்வளவு ஆழமானது என்பது இங்கேதான் விளங்குகிறது என்று கருதுகிறேன்.

சுருதி கெடும் இடங்கள்

ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்றால் ஓர் அரைச்சுரத்துக்கு ஏறத்தாழ 83 மில்லிவோல்ட் மட்டுமே. இந்த நுண்மைதான் தொடக்கக்காரர்கள் சந்திக்கும் பெரும்பாலான சுருதிச் சிக்கல்களுக்குக் காரணம். சீக்வென்சரின் சுருதி வெளியீட்டை வெறும் கம்பியால் பிரிக்கும் மல்ட்டில் செருகி, அதிலிருந்து இரண்டு ஆஸிலேட்டர்களை இயக்குவதாகக் கொள்வோம். வெளியீட்டில் 1 கிலோ ஓம் தடையும், ஒவ்வொரு உள்ளீட்டிலும் 100 கிலோ ஓம் தடையும் இருந்தால், புதிதாக ஓர் உள்ளீடு சேரும்போது மின்னழுத்தம் சுமார் 1 சதவீதம் சரியும். 2 வோல்ட்டில் அது 20 மில்லிவோல்ட். அரைச்சுரத்தில் கால் பங்கு. கீழ்ச்சுரங்களில் தெரியாது, மேலே போகப் போகக் காதை உறுத்தும். ஆகவே சுருதியைப் பிரிப்பதற்கு மட்டும், மின்னழுத்தம் சரியாமல் காக்கும் பஃபர் மல்ட்டைப் பயன்படுத்த வேண்டும். எல்.எஃப்.ஓ.வையோ என்வலப்பையோ பிரிப்பதற்கு வெறும் மல்ட்டே போதும். அங்கே 1 சதவீதத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

சுருதி சரிபார்க்கும்போது ஒரே சுரத்தில் நின்றுவிடாமல், டியூனரைப் பார்த்துக்கொண்டே கீழ்ச்சுரத்தையும் அதற்கு இரண்டு ஸ்தாயி மேலுள்ளதையும் மாறி மாறி வாசிக்கவும். கீழே சரியாக இருந்து மேலே விலகினால் பிழை, மின்னழுத்தம் ஏற ஏறச் சுருதி எவ்வளவு ஏறுகிறது என்ற அளவில் இருக்கிறது, டியூனிங் குமிழில் அல்ல.

இன்னொரு கருவியுடன் இணைக்கும்போது

பழைய கருவிகளுடன் இணைக்க விரும்புவோர் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். எம்.எஸ்-20 உள்ளிட்ட சில கருவிகள் ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற முறையைப் பின்பற்றுவதில்லை. அவற்றில் ஸ்தாயி ஒன்று ஏற, மின்னழுத்தம் இரட்டிக்க வேண்டும். அதாவது ஒரு முறையில் 1, 2, 3 வோல்ட் தருகிற அதே மூன்று சுரங்களுக்கு, மற்றதில் 1, 2, 4 வோல்ட் வேண்டும். நேரடியாக இணைத்தால் கருவி கெடாது, ஆனால் இராகம் நசுங்கியோ விரிந்தோ போகும். இரண்டாவது, விசை அழுந்தியிருக்கிறதா என்பதைத் தெரிவிக்கும் கேட் மின்குறி. இன்றைய கருவிகளில் விசையை அழுத்தும்போது மின்னழுத்தம் எழுகிறது. பழைய மூக், கோர்க் கருவிகளில் அதற்குப் பதிலாகத் துளையைத் தரையுடன் (0 வோல்ட்டுடன்) தொடுத்தால்தான் என்வலப் இயங்கும். இரண்டுக்கும் மாற்றிகள் கிடைக்கின்றன.

தாளத்தை இணைக்கும்போது துடிப்பின் கணக்கைப் பாருங்கள். மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் மிடி முறையின் கடிகாரம் ஒரு கால்சுரத்துக்கு (பொதுவாக ஒரு தாள அடிக்கு) 24 துடிப்புகள் தருகிறது. கோர்க்கின் சில சிறு கருவிகள் அதே நேரத்துக்கு 2 மட்டும் எதிர்பார்க்கின்றன. வேகம் பன்னிரண்டு மடங்காக ஓடினால் கருவியைச் சந்தேகிக்காமல், இடையில் கடிகாரத்தை வகுக்கும் அமைப்பைத் தேடவும். யூரோராக் மாடுல்களின் ஒலி உச்சத்திலிருந்து உச்சத்துக்கு சுமார் 10 வோல்ட் அசைவது. ஒலிப்பதிவுக் கருவிகள் எதிர்பார்ப்பதோ அதைவிட மிகக் குறைவு. ஆகவே துளையிலிருந்து நேரே எடுக்காமல், கருவியின் முதன்மை வெளியீட்டின் வழியே அளவைக் குறைத்து எடுக்கவும்.

எழுதி வைத்தல்

பெரும்பாலான இத்தகைய கருவிகளுக்குத் தங்கள் ஒலி அமைப்புகளை நினைவில் வைக்கும் வசதி கிடையாது. ப்ராஃபெட்-5 வருவதற்கு முன் எல்லோரும் செய்ததையே நாமும் செய்ய வேண்டும்: கருவியின் முகப்புப் படத்தை வெற்றுத்தாளில் பல பிரதிகள் எடுத்து, ஒவ்வொரு அமைப்புக்கும் ஒன்றை நிரப்ப வேண்டும். பல தயாரிப்பாளர்கள் இந்தத் தாளைக் கையேட்டிலேயே தருகிறார்கள். கேபிள் தொடங்கும் துளை, முடியும் துளை, குமிழ்களின் நிலை ஆகியவற்றைக் குறிக்கவும். குமிழ் நிலைகளைக் கடிகார முள்ளின் திசையாக எழுதுவது எண்களைவிட விரைவில் படிக்க உதவும். செல்பேசியில் எடுக்கும் புகைப்படம் கேபிள்களால் மறைந்த குமிழ்களைக் காட்டாது. அது தாளுக்கு மாற்றாகாது. தாளுடன் அந்த அமைப்பின் ஒலியையும் அரை நிமிடம் பதிந்து, இரண்டுக்கும் ஒரே பெயரிடவும். அறையின் வெப்பம் மாறியிருந்தால் அதே குமிழ் நிலைகள் அதே ஒலியைத் தராது. அப்போது தாளைப் பார்த்து அருகில் கொண்டுவந்து, கடைசித் திருத்தத்தைப் பதிவைக் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். எந்தக் கேபிள் எந்த உள்ளிணைப்பை அறுத்தது என்பதையும் தாளின் ஓரத்தில் ஒரு வரியில் குறித்து வைக்கவும்.